கோல் போட்டவர்கள் மட்டுமா ஜெயித்தார்கள்?

குற்றாலத்தில் சீசன் களைகட்டும் ஜூன், ஜூலையில்தான் பெரும்பாலும் கால்பந்து உலகக் கோப்பையும் வரும். அருவியில் குளித்துவிட்டு ஈரத்துண்டோடு பரோட்டாக் கடை வாசலில் காத்திருப்பவர்கள் முந்தைய இரவின் ஆட்டத்தைப் பிரித்து மேய்வார்கள். பேச்சு எப்படியும் இந்தியாவிடம் வந்து நிற்கும். வந்ததும் ஒரு தீர்ப்பு விழும்: "அந்தக் காலத்துல பி.கே., சுனி, பலராம்னு மூணு பேரு இருந்தாங்க, ஆசியாவையே ஜெயிச்சோம். இப்ப கோல் போட ஆளில்ல, தோத்துக்கிட்டு இருக்கோம்."

இது பரோட்டாக் கடையோடு நிற்கிற கருத்தாக இருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். இந்தியக் கால்பந்தின் பொற்காலம் பற்றி எழுதப்படுகிற கட்டுரைகளில் பெரும்பாலானவை சொல்வதும் இதைத்தான். பி.கே. பானர்ஜி, சுனி கோஸ்வாமி, துளசிதாஸ் பலராம் என்ற முன்கள மூவரின் கதையே 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுத் தங்கத்தின் கதை என்று பள்ளிப் பையன்வரை நம்புகிறான். மூவரும் மாபெரும் ஆட்டக்காரர்கள் என்பதில் எனக்குச் சண்டை இல்லை. தங்கம் அவர்களால் வந்தது என்ற முடிவோடுதான் சண்டை. அந்தத் தங்கம் மைதானத்தின் பின்பாதியில் வெல்லப்பட்டது. அங்கே நின்றவர்களில் ஒருவரான ஓ. சந்திரசேகரின் பெயர், ஆரியங்காவுக் கணவாய்க்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டில், அநேகமாக யாருக்கும் தெரியாது.

வாதத்தை எண்களிலிருந்தே தொடங்குகிறேன். உணர்ச்சியை யாரும் மறுக்கலாம், கூட்டல் கழித்தலை மறுக்க முடியாது.

1958இல் டோக்கியோவில் ஆசிய விளையாட்டுப் போட்டி. இந்தியா ஐந்து ஆட்டங்கள் ஆடியது. பர்மாவை 3-2 என்றும் ஹாங்காங்கைக் கூடுதல் நேரத்தில் 5-2 என்றும் வென்றது. இந்தோனேஷியாவிடம் 1-2, அரையிறுதியில் தென்கொரியாவிடம் 1-3, வெண்கலத்துக்கான ஆட்டத்தில் மீண்டும் இந்தோனேஷியாவிடம் 1-4 என்று தோற்றது. மொத்தம் போட்ட கோல் 11, வாங்கிய கோல் 13. கிடைத்தது நான்காம் இடம்.

நான்கு ஆண்டு கழித்து ஜகார்த்தா. அங்கும் ஐந்து ஆட்டங்கள். முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 0-2 என்று தோல்வி. பிறகு தாய்லாந்தை 4-1, ஜப்பானை 2-0, அரையிறுதியில் தென்வியட்நாமை 3-2, இறுதியாட்டத்தில் தென்கொரியாவை 2-1 என்று வென்றது. மொத்தம் போட்ட கோல் 11, வாங்கிய கோல் 6. கிடைத்தது தங்கம்.

இரண்டு வரிசையையும் இன்னொரு முறை பாருங்கள். போட்ட கோல் அங்கும் 11, இங்கும் 11. பி.கே., சுனி, பலராம் மூவரும் டோக்கியோ அணியிலும் இருந்தார்கள், ஜகார்த்தா அணியிலும் இருந்தார்கள். முன்வரிசை கொடுத்தது இரண்டு இடத்திலும் ஒரே அளவு. வாங்கிய கோல் மட்டும் பாதிக்கும் கீழே இறங்கியது. நான்காம் இடத்துக்கும் முதலிடத்துக்கும் நடுவில் இருந்தது அந்த ஏழு கோல் வித்தியாசம். அதைப் போட்டவர் யாருமில்லை, தடுத்தவர்கள் இருந்தார்கள்.

இது ஒரு தொடரில் தற்செயலாக வந்த கணக்கும் இல்லை. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் இந்தியா 1-10 என்று நொறுங்கியது. குளிர், பூட்ஸ் இல்லாத கால்கள் என்று காரணங்கள் உண்டு. இரண்டே பேக்குகளைப் பின்னால் நிறுத்தி ஐந்து பேரை முன்னால் அனுப்பும் பழைய ஆட்டமுறையும் ஒரு காரணம். 1956 மெல்போர்னில் மூன்று ஆட்டங்களில் வாங்கியது 9, சராசரி 3. டோக்கியோவில் 2.6. 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஹங்கேரியிடம் 1-2, பிரான்சோடு 1-1, பெருவிடம் 1-3. மூன்று ஆட்டங்களில் 6, சராசரி 2. எதிரே நின்றவை டோக்கியோவில் கண்ட அணிகளைவிட வலுவானவை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஜகார்த்தாவில் 1.2. 1964இல் இஸ்ரேலில் நடந்த ஆசியக் கோப்பையில் மூன்று ஆட்டங்களில் 3, சராசரி 1. அதற்குள் பலராம் ஓய்வு பெற்றுவிட்டார், புகழ்பெற்ற மூவர் கூட்டணி கலைந்துவிட்டது. ஆனாலும் இந்தியா ஆசியாவில் இரண்டாவதாக வந்தது.

பத்து, மூன்று, இரண்டரைக்குச் சற்று மேல், இரண்டு, ஒன்றுக்குச் சற்று மேல், ஒன்று. பன்னிரண்டு ஆண்டுகள் ஒரு தடவைகூட ஏறாமல் இறங்கிய கணக்கு இது. போட்ட கோல்களின் சராசரியோ ஏறியும் இறங்கியும் ஆடியது. மெல்போர்னில் மூன்று ஆட்டங்களில் 5, ரோமில் மூன்றில் 3, ஜகார்த்தாவில் ஐந்தில் 11. பொற்காலம் என்று நாம் சொல்கிற காலத்தை ஒரே நேர்கோட்டில் காட்டுவது பின்காப்பின் கணக்குதான்.

இப்போது ஜகார்த்தா இறுதியாட்டத்துக்கு வருவோம். 1962 செப்டம்பர் 4. இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேஷியா விலக்கிவைத்ததை இந்திய அதிகாரி ஜி.டி. சோந்தி வெளிப்படையாகக் கண்டித்திருந்தார். அந்தக் கோபத்தில் செனயன் அரங்கம் முழுக்க இந்தியாவுக்கு எதிராக நின்றது. பாகிஸ்தான் ஹாக்கி அணியினர் வந்து நமக்காகக் கைதட்டினார்கள் என்பதை எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். பி.கே. 17ஆம் நிமிடத்தில் ஒரு கோல், ஜர்னைல் சிங் 20ஆம் நிமிடத்தில் ஒரு கோல் என்பதையும் எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். அத்தோடு கதையை முடித்துவிடுகிறார்கள்.

கால்பந்து ஆட்டம் 90 நிமிடம். இரண்டாவது கோல் விழுந்தபோது இன்னும் 70 நிமிடம் பாக்கி. எதிரே இருந்தது சில நாள் முன்பு நம்மை 2-0 என்று வென்ற அதே தென்கொரியா. அரங்கம் முழுக்க எதிர்ப்புக் கூச்சல். அந்த நிலையில் கொரியர்களுக்கு ஒரே ஒரு கோல்தான் கிடைத்தது, அதுவும் 85ஆம் நிமிடத்தில். 65 நிமிடம் அவர்களைத் திருப்பி அனுப்பியது யார்? கோலில் தமிழ்க் குடும்பத்தில் ஐதராபாத்தில் பிறந்த பீட்டர் தங்கராஜ். அவர் முன்னால் சந்திரசேகர், திரிலோக் சிங், அருண் கோஷ்.

ஜர்னைல் சிங்கும் பின்காப்பாளர்தானே, அவரைக் கொண்டாடவில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி என் வாதத்துக்கே வலு சேர்க்கிறது. லீக் ஆட்டத்தில் ஜர்னைலுக்கு நெற்றி உடைந்து தையல் போட்டிருந்தது. பயிற்சியாளர் எஸ்.ஏ. ரஹீம் அவரை ஸ்டாப்பர் இடத்திலிருந்து எடுத்து முன்வரிசையில் நிறுத்தினார். ஜர்னைல் அரையிறுதியில் ஒரு கோல், இறுதியில் ஒரு கோல் போட்டார். கட்டுக்கட்டிய தலையோடு கோல் போட்ட அந்த இரண்டு ஆட்டங்கள்தான் ஜகார்த்தா கதைகளில் அவரை நிறுத்தியிருக்கின்றன. பின்காப்பாளர் ஒருவர் அந்தக் கதையில் பெரிய இடம் பிடிக்க, பின்காப்பை விட்டு முன்னால் வந்து கோல் போட வேண்டியிருந்தது! அவர் முன்னால் போனதால் பின்னால் விழுந்த பள்ளத்தை நிரப்பியவர் அருண் கோஷ். அந்த மாற்றத்தோடு ஆடிய அரையிறுதியில் இரண்டு கோல் வாங்கினோம், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆசியாவின் வலுவான அணிகளில் ஒன்றுக்கு எதிராக, இறுதியாட்டத்தில், அதே மூவர் ஒன்றோடு நிறுத்தினார்கள்.

ஓ. சந்திரசேகர் பழைய கொச்சி ராஜ்யத்து ஊரான இரிஞ்ஞாலக்குடாக்காரர். எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் படித்தவர். பம்பாய் போய் கால்டெக்ஸ் அணிக்கு ஆடினார். ரோம் ஒலிம்பிக் அணியில் இருந்தார். ஜகார்த்தாவில் தங்கம் வென்றார். 1963இல் சந்தோஷ் டிராபியை வென்ற மகாராஷ்டிர அணிக்கு அவர்தான் தலைவர். 2021 ஆகஸ்டில், 85 வயதைக் கடந்து மறைந்தார். ஒலிம்பிக், ஆசியத் தங்கம், தேசியக் கோப்பைத் தலைமை என்று எல்லாம் வாய்த்த ஒருவருக்கு அர்ஜுனா விருது கடைசிவரை கிடைக்கவில்லை.

"விருது கிடைக்கவில்லை என்றால் ஆட்டம் அவ்வளவுதான் என்று பொருள்" என்று ஒரு வாதம் வரும். அர்ஜுனா பட்டியலையே எடுத்துப் பார்ப்போம். விருது 1961இல் தொடங்கியது. கால்பந்தில் முதல் ஆண்டு பி.கே. பானர்ஜி, அடுத்த ஆண்டு பலராம், அதற்கடுத்து சுனி. மூவரும் முன்கள வீரர்கள். நான்காவதாக 1964இல்தான் ஒரு பின்காப்பாளர், அவரும் முன்னால் போய்க் கோல் போட்ட ஜர்னைல். பிறகு அருண் கோஷ், யூசுப் கான், தங்கராஜ். சந்திரசேகருக்கும் திரிலோக் சிங்குக்கும் முறை வரவே இல்லை. ஆண்டுக்கு ஒருவர் என்று வரிசையில் நிறுத்தி, முன்வரிசையிலிருந்து எண்ணத் தொடங்கினால் பின்வரிசைக்கு வருவதற்குள் காலம் போய்விடும். அந்தப் பட்டியல் அவர்கள் ஆட்டத்தை அளந்ததைவிட, பட்டியல் போட்டவர்களின் கண் எங்கே இருந்தது என்பதைத்தான் நன்றாகக் காட்டுகிறது.

இன்னொரு மறுப்பு கொஞ்சம் கனமானது. கோஷ்ட பால் பின்காப்பாளர், பத்மஸ்ரீ பெற்றார், கொல்கத்தாவில் சிலையே இருக்கிறது. சைலன் மன்னா பின்காப்பாளர், அவரும் பத்மஸ்ரீ. பிறகு எப்படிப் பின்காப்பாளர்களை மறந்துவிட்டோம் என்கிறீர்கள்? நியாயமான கேள்வி. இருவரும் மோகன் பகானில் ஆடியவர்கள். கொல்கத்தா தன் வீட்டுப் பிள்ளைகளை மறக்காத ஊர், அதற்கு அந்த ஊரைப் பாராட்டத்தான் வேண்டும். சந்திரசேகரோ மலையாளி, ஆடியது பம்பாயில், ஒரு எண்ணெய்க் கம்பெனியின் அணிக்கு. அவரைத் தன் ஆளாகச் சொல்லிக்கொள்ள வங்கத்துக்குக் காரணமில்லை, மகாராஷ்டிரத்துக்கு அக்கறையில்லை. கோல் போடுகிறவன் எந்த ஊரில் ஆடினாலும் அவன் பெயர் மறுநாள் பத்திரிகையில் வந்துவிடும். பின்காப்பாளனுக்கு அவனைக் கொண்டாட ஒரு ஊர் வேண்டியிருக்கிறது.

சைலன் மன்னா பெயர் வந்ததால் ஒன்று சொல்லிவிடுகிறேன். அவர் தலைமையில் 1951 டெல்லி ஆசிய விளையாட்டில் இந்தியா தன் முதல் தங்கத்தை வென்றது. இந்தோனேஷியா 3-0, ஆப்கானிஸ்தான் 3-0, இறுதியில் ஈரான் 1-0. வாங்கிய கோல் பூஜ்யம். ஆசிய விளையாட்டில் இந்தியக் கால்பந்துக்கு இதுவரை கிடைத்த தங்கம் இரண்டுதான். ஒன்றில் கோலே வாங்கவில்லை, இன்னொன்றில் ஐந்து ஆட்டத்தில் ஆறு. 'கோல் போட ஆள் இருந்ததால் ஜெயித்தோம்' என்கிறவர்கள் இந்த இரண்டு கணக்குக்கும் பதில் சொல்லட்டும். அவர்கள் அடிக்கடி காட்டும் மெல்போர்னையும் எடுத்துக்கொள்ளலாம். நெவில் டிசோசா ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஹாட்ரிக் அடித்து உலகை வியக்கவைத்தார். இன்றைக்கும் அதைப் பேசுகிறோம். அந்த ஒலிம்பிக்கில் பதக்கம் கிடைக்கவில்லை, அதை மெதுவாகச் சொல்கிறோம். அரையிறுதியில் நான்கும், வெண்கல ஆட்டத்தில் மூன்றும் நம் வலையில் விழுந்தன.

"படம் இல்லை, காணொளி இல்லை. சந்திரசேகர் எப்படி ஆடினார் என்று யார் கண்டார்?" என்றும் கேட்கிறார்கள். சுனியும் பலராமும் ஆடியதை மட்டும் யார் கண்டார்? அவர்கள் பெருமையை நாம் நம்புவது ஸ்கோர் விவரத்தையும் கூட ஆடியவர்கள் சொன்னதையும் வைத்துத்தான். அதே ஸ்கோர் விவரத்தில் வாங்கிய கோல் என்று இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஒரு பக்கத்தைச் சாட்சியாக எடுத்துக்கொண்டு மறுபக்கத்தைக் கிழித்துப் போடுவது நியாயமா?

"எல்லாம் ரஹீம் சாகிபின் மூளை" என்பது அடுத்த வாதம். பாதி உண்மை. ஜகார்த்தாவுக்கு மறு ஆண்டே புற்றுநோயால் மறைந்த அந்த மேதை இல்லாமல் அந்த அணி இல்லை. 2024இல் வந்த 'மைதான்' படம் அவரைப் புதிய தலைமுறைக்கு அறிமுகப்படுத்தியது நல்லது. ஆனால் பின்காப்பின் வெற்றியைப் பயிற்சியாளர் கணக்கிலும், முன்களத்தின் வெற்றியை ஆட்டக்காரர் கணக்கிலும் எழுதுவது எந்த ஊர்க் கணக்கு? ரஹீம் வகுத்த திட்டத்தில்தான் சுனியும் ஓடினார், சந்திரசேகரும் நின்றார்.

கடைசியாக, எல்லோரும் தஞ்சமடையும் வாதம்: "ஜனங்க கோலுக்குத்தான் கை தட்டுவாங்க, மனுஷ சுபாவம் அது." இதைத் தென்காசிக்காரன் சொல்லக் கேட்டால் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. நம் கிராமங்களில் கபடி ஆட்டம் பார்த்ததில்லையா? பாடிக்கொண்டு வருகிறவன் காலைக் கார்னரில் நிற்பவன் வாரிப் பிடித்துக் கிடத்தும்போது எழும் விசில், ரெய்டு போய்ப் புள்ளி எடுத்து வருகிறவனுக்கு எழும் விசிலுக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை. கபடியில் பிடிக்கும் புள்ளி உண்டு. களத்தில் மூன்று பேரோ அதற்கும் குறைவாகவோ இருக்கும்போது பிடித்தால், புரோ கபடியில் இரண்டு புள்ளி. தடுப்பதன் அருமை நம் மக்களுக்குத் தெரியும், விதி அதை எண்ணிக் காட்டினால் போதும். கால்பந்தில் தடுப்புக்கு எண் கிடையாது. அந்த ஆட்டத்தின் பலகை காட்டாததைப் பார்வையாளனும் எழுதுகிறவனும்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். சுபாவத்தின் மேல் பழி போடுவது சோம்பலுக்குப் போர்வை.

உலகமும் இதில் பெரிய யோக்கியம் இல்லை. ஐரோப்பாவில் 1956இலிருந்து கொடுக்கப்படும் பாலன் தோர் விருதைப் பெற்ற பின்காப்பாளர்கள் பெக்கன்பவர், சாமர், கன்னவாரோ என்று மூவர்தான். கடைசியாகக் கன்னவாரோ பெற்றது 2006இல். ஸ்காட்லாந்தின் ஆண்ட்ரூ வாட்சன் கதை இன்னும் மோசம். கயானாவில் பிறந்த அந்தக் கறுப்பினப் பின்காப்பாளர் 1881இல் லண்டனில் ஸ்காட்லாந்துக்குத் தலைமை ஏற்று இங்கிலாந்தை 6-1 என்று வென்றவர். சர்வதேசக் கால்பந்து ஆடிய முதல் கறுப்பினத்தவர் அவர்தான் என்பதை உலகம் ஒத்துக்கொள்ளவே நூறு ஆண்டுக்கு மேல் ஆனது. ஆறு கோல் நினைவிருந்தது, அணியை நடத்திப் போன பேக் நினைவில் இல்லை.

தென்காசியிலிருந்துகொண்டு இரிஞ்ஞாலக்குடாக்காரருக்காக ஏன் மல்லுக்கட்டுகிறாய் என்று கேட்கலாம். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த ஊர். மலைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் கல்யாணமும் வியாபாரமும் ரயிலும் உண்டு. கால்பந்திலும் அந்தப் போக்குவரத்து இருந்தது. ரோம் ஒலிம்பிக் அணியில் இருந்த தமிழர் சைமன் சுந்தரராஜ்தான் 1973இல் கேரளத்துக்கு முதல் சந்தோஷ் டிராபியை வாங்கிக் கொடுத்த பயிற்சியாளர். நம் ஆள் அவர்களுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தார். அவர்கள் ஆளின் பெயரை நாம் தெரிந்துகொள்வதில் என்ன குறைந்துவிடும்?

இன்னொரு காரணமும் உண்டு. குற்றாலம் ரசிகமணி டி.கே.சி. வாழ்ந்த ஊர். ஒரே செய்யுளை எடுத்து வைத்துக்கொண்டு, மற்றவர்கள் தாண்டிப் போகிற சொல்லில் நின்று ருசி காட்டியவர் அவர். ரசனை என்பது பளிச்சென்று தெரிவதற்குக் கைதட்டுவதோடு முடிவதில்லை என்று கற்றுக்கொடுத்த மண்ணில் உட்கார்ந்துகொண்டு, கோல் எண்ணுவதையே கால்பந்து ரசனை என்று சாதிப்பது அழகில்லை.

இந்தப் பொதுக்கருத்தை நான் இவ்வளவு நீட்டி மறுப்பது பழங்கதைக்காக மட்டும் இல்லை. அது இன்றைக்கும் மைதானத்தில் சேதம் செய்துகொண்டிருக்கிறது. பள்ளி மைதானங்களில் அணி பிரிக்கும்போது நடப்பதைக் கவனியுங்கள். வேகமாக ஓடுகிறவன் ஃபார்வர்ட். உயரமாக இருப்பவன் கோலி. மிச்சம் இருப்பவர்களை, "நீ பேக்ல நில்லு" என்று தள்ளிவிடுகிறோம். பேக் என்பது ஆட வராதவர்களின் இடம் என்று பத்து வயதிலேயே பிள்ளை தெரிந்துகொள்கிறான். எங்கே நிற்க வேண்டும், எப்போது காலை நீட்டக் கூடாது, எதிரியை எந்தப் பக்கம் ஒதுக்க வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. கோல் அடிக்கத் தெரிந்த பிள்ளைகளைத் தேடிக்கொண்டே இருக்கிற நாடு, தடுக்கத் தெரிந்தவர்களை வளர்க்க மறந்துவிட்டு, தோற்றதும் 'கோல் போட ஆளில்லை' என்று அழுகிறது.

ஆகவே தென்காசி மாவட்டத்தில் கால்பந்துப் போட்டி நடத்துகிற ஒவ்வொரு மன்றத்துக்கும், பள்ளிக்கும், ரசிகர் கூட்டத்துக்கும் ஒரு வேண்டுகோள். அதிக கோல் போட்டவனுக்கு ஒரு கோப்பை கொடுக்கிறீர்கள். சிறந்த பின்காப்பாளனுக்கும் அதே உயரத்தில் ஒரு கோப்பை கொடுங்கள். அதற்கு ஓ. சந்திரசேகர் பெயரை வையுங்கள். மேடையில் அதைக் கொடுக்கும்போது, 1962இல் ஜகார்த்தாவில் 65 நிமிடம் கொரியாவைத் தடுத்து நிறுத்தியவர்களில் ஒருவர் இவர் என்று ஒரு வரி சொல்லுங்கள். அர்ஜுனா கொடுக்க டெல்லி வேண்டும். இதற்கு ஒரு மைக்கும் நூறு ரூபாய்க் கோப்பையும் போதும்.